அம்பாசிடரின் டாப்பை வெட்டலாமா? கொட்டேஷனில் எழுதப்படாத செலவுகள்

கேள்வி: என் தந்தை 1973ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 கார் இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் இரண்டு ஆண்டு செல்லும். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் கூரையின் உள்பக்க லைனிங் கிழிந்து தொங்குகிறது, மழைநீர் வழியும் ஓரங்களில் துரு ஏறியிருக்கிறது. எங்கள் பக்கத்துத் திருமணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த பழைய கார் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். எப்படியும் கூரையில் வேலை இருக்கிறதே என்று விசாரித்தேன். டாப்பை முழுவதும் வெட்டி, மடக்கக்கூடிய கேன்வாஸ் டாப் போட்டு, முழு பெயின்டிங்கும் செய்து தர ஒரு பட்டறையில் 1,60,000 ரூபாய் சொன்னார்கள். இன்னொரு பட்டறையில், கழித்துவிட்ட காரிலிருந்து எடுத்த சன்ரூஃப் ஒன்றைப் பொருத்த 45,000 ரூபாய் கேட்கிறார்கள். இவை நியாயமான விலைதானா? வெட்டிய டாப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, வேண்டாம் என்றால் பிறகு திரும்ப ஒட்டிவிடலாமா? — கோவை வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு கொட்டேஷன்களையும் வரி வரியாகப் படித்தேன். இரண்டிலும் தொகை அதிகம் என்று சொல்ல மாட்டேன். செய்யவேண்டிய வேலையில் பாதிக்கு மட்டுமே விலை எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் காருக்கு இந்த இரண்டையுமே நான் பரிந்துரைக்க முடியாது.

முதலில் காரின் கட்டுமானத்தைப் பார்ப்போம். பழைய கார் என்றாலே டாப்பைக் கழற்றி மாட்டலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் அடிச்சட்டம் ஒரு கம்பெனியிலிருந்து வரும், அதன்மேல் பாடியை உள்ளூரில் கட்டிக்கொள்வார்கள். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்சன் கம்பெனி பிற்பாடு மோட்டார் வண்டிகளுக்குப் பாடி கட்டியதும் அந்த வழியில்தான். அப்படிப்பட்ட வண்டியில் பாரம் முழுவதையும் கீழே உள்ள சட்டம் தாங்கும். மேலே மூடிய பாடியா திறந்த பாடியா என்பது வாங்குபவரின் விருப்பம். உங்கள் அம்பாசிடர் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்த அதற்குத் தனிச் சட்டமே கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் பேனல், கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்குகின்றன. மூடிய அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், பிறகு அதன் மேல்பக்கத்தை வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள்; டாப்பை வெட்டிய பிறகு காருக்கு என்ன ஆகும் என்பது கைக்கே தெரியும்.

அம்பாசிடரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும் எஃகுத் தண்டுகள்தான் முன்பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் பின்முனை முன்சீட்டுப் பகுதியின் அடியில் தரையோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த முறுக்கு நேராக வண்டியின் நடுத்தரைக்கு வந்து சேரும். மேலே கூரை இருக்கும்வரை அந்த விசை பாடி முழுவதும் பரவிவிடும். கூரை போய்விட்டால் தரையும் சில் பேனலும் மட்டுமே அதைச் சுமக்கவேண்டும். ஐம்பது ஆண்டு மழையையும் சேற்றையும் கண்ட சில் பேனல் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பது மேலே அடித்த பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாது. கனமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்கதவின் கீழிருந்து பின்சக்கரம் வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருவை மறைத்துப் பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசி மேடுபள்ளத்தை நிரவும் பசை) பூசிய இடம் மொத்தென்று அடங்கிவிடும்.

அடுத்தது கதவுகள். உங்கள் காரில் கதவு நான்கு. பின்கதவின் கீல்கள் நடுத்தூணில்தான் இருக்கின்றன. முன்கதவின் பூட்டு போய் மாட்டுவதும் அதே தூணில்தான். அந்தத் தூணை இப்போது மேலே பிடித்து நிறுத்தியிருப்பது கூரை. டாப்பை வெட்டினால் அது தரையிலிருந்து இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும் கட்டையாகிவிடும். பின்கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எடை அந்தக் கட்டையை வெளியே இழுக்கும், முன்கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அது அதிரும். சில மாதங்களில் கதவு இடைவெளி மேலே விரிந்து கீழே நெருங்கி, பூட்டு தானாக விடுபடத் தொடங்கும். கம்பெனிகளே தயாரித்த திறந்த கார்களில் பெரும்பாலானவை இரண்டு கதவோடு நின்றுவிட்டதற்கு இது முக்கியமான காரணம். இங்கிலாந்தில் மோரிஸ் மைனரைத் தொழிற்சாலையிலேயே திறந்த காராகவும் செய்தார்கள். அதுவும் தனிச் சட்டமில்லாத கார்தான். ஆனால் திறந்த வகைக்கென்று பாடியில் கூடுதல் வலுவூட்டல் வைத்தே செய்தார்கள். அங்கே இன்றும் மூடிய இரண்டு கதவு மைனரைத் திறந்த காராக மாற்றுபவர்கள் கேன்வாஸ் வாங்குவதற்கு முன்பு வலுவூட்டும் தகடுகளைத்தான் வாங்குகிறார்கள்.

இனி உங்கள் 1,60,000 ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். கூரையை வெட்டி விளிம்பு மடிக்க 25,000, பைப் ஃப்ரேமும் கேன்வாஸும் 55,000, முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை முடிக்க 10,000, பெயின்டிங் 70,000 என்று எழுதியிருக்கிறார்கள். வலுவூட்டல் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதென்றால், வெட்டுவதற்கு முன்பே நான்கு கதவு வாய்களிலும் குறுக்காகப் பைப் வைத்து வெல்டு செய்து பாடியை அசையாமல் பிடிக்கவேண்டும். மூலைக்கு மூலை அளந்து எழுதி வைக்கவேண்டும். சில் பேனலைத் திறந்து உள்ளே கனமான தகட்டில் இன்னொரு பெட்டி கட்டவேண்டும். இரண்டு பக்க சில்லையும் தரைக்கடியில் குறுக்குச் சட்டங்களால் இணைக்கவேண்டும். நடுத்தூணின் அடிப்பாகத்தையும் முன் கண்ணாடியின் இரு தூண்களையும் உள்ளிருந்து தடிப்பாக்கவேண்டும். ஒரு நல்ல டிங்கருக்கும் அவருடைய உதவியாளருக்கும் இதற்கு 25 வேலை நாள் பிடிக்கும் என்பது என் கணக்கு. இருவர் கூலியும் சேர்த்து நாளுக்கு 2,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதுவே 57,500. தகடு, பைப், கேஸ், வெல்டிங் கம்பி என்று 25,000 ஒதுக்குங்கள். பைப்புகளை எடுத்த பிறகு கதவுகளையும் பூட்டுகளையும் கண்ணாடி ஏற்றி இறக்கும் சாதனத்தையும் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவர இன்னும் 10 நாள், அதாவது 23,000. உங்கள் கார்க் கதவில் கண்ணாடியைச் சுற்றி நிலையான சட்டம் இருக்கிறது. மேலே கூரை இல்லாத இடத்தில் அது ஒட்டாமல் நிற்கும் என்பதால் அதையும் வெட்டி, பக்கத் திரைகளும் ரப்பர் பீடிங்கும் புதிதாகச் செய்ய 30,000 ஆகலாம். நனைந்தாலும் கெடாத சீட் உறை, தரைவிரிப்பு என்று குஷன் கடையில் 35,000. கூட்டினால் 1,70,500 வருகிறது.

ஆக, 1,60,000 என்று சொன்ன வேலை 3,30,500 ரூபாயில் போய் நிற்கிறது. நான் எடுத்துக்கொண்ட கூலி கோவையில் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனாலும் இரண்டு மடங்கு என்ற அளவு பெரிதாக மாறாது. சில் பேனலைத் திறந்த பிறகு உள்ளே துரு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கான தொகை தனி. வலுவூட்டலே செய்யாமல் 1,60,000 ரூபாயிலேயே முடித்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. அப்படிச் செய்த வண்டியை அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே சில்லின் அடியில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தால் போதும். கதவு இடித்தாலோ சிக்கினாலோ, பாடி வளைகிறது என்று பொருள். நான்கைந்து பேர் ஏறி நின்று ஊர்வலம் போகும் வண்டியில் அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

சன்ரூஃப் விஷயம் இவ்வளவு மோசமில்லை. கூரையின் ஓரங்களும் தூண்களும் அப்படியே இருப்பதால் பாடியின் வலு பெரும்பாலும் காப்பாற்றப்படும். கூரையில் மடக்குத் துணி வைப்பது ஐரோப்பாவில் 1930களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் உங்களுக்குச் சொல்லியிருப்பது இன்றைய காரிலிருந்து கழற்றிய கண்ணாடி சன்ரூஃப். அம்பாசிடரின் கூரை முன்பின்னாகவும் இடவலமாகவும் இரண்டு பக்கமும் வளைந்தது. அந்தக் கண்ணாடியோ ஏறக்குறையச் சமதளம். நான்கு மூலையில் இரண்டைச் சரியாக உட்காரவைத்தால் மற்ற இரண்டு தூக்கிக்கொள்ளும். அதைச் சரிக்கட்டக் கூரைத்தகட்டைத் தட்டி, சூடுகாட்டி, வெல்டு செய்யும்போது மெல்லிய தகடு அலை அலையாக நெளியும். அந்த நெளிவை மறைக்கத்தான் பட்டி பூசுவார்கள்.

தண்ணீர் இதைவிடப் பெரிய கவலை. எந்த சன்ரூஃபும் மழையை முற்றிலும் தடுப்பதில்லை. ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் நீரைச் சுற்றியுள்ள தட்டில் பிடித்து, நான்கு மூலைகளிலிருந்தும் சிறு குழாய்கள் வழியே தூண்களுக்குள் இறக்கி, வண்டிக்கு அடியில் வெளியேற்றுவதுதான் அதன் அமைப்பு. அந்தக் குழாய்கள் போக அம்பாசிடரின் தூணில் வழி செய்யப்படவில்லை. உங்கள் கொட்டேஷனில் குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், தட்டில் சேரும் நீர் லைனிங்கில் ஊறி, தூண்களின் உள்ளே இறங்கி, கடைசியில் சில் பேனலில் போய்த் தேங்கும் என்றே கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு வருடம் பெய்தால் அதன் பலன் தெரிந்துவிடும். செலவுக் கணக்கிலும் அதே குறைதான். அந்த 45,000 ரூபாயில் சாதனமும் வெட்டிப் பொருத்தும் கூலியும் மட்டும் அடங்கியிருக்கின்றன. உங்கள் கூரை லைனிங் குறுக்கே ஓடும் கம்பிகளில் தைத்துத் தொங்கவிடப்பட்டது. நடுவில் ஓட்டை போட்டால் அந்தக் கம்பிகள் அறுபடும், லைனிங்கை வேறு விதமாகப் புதிதாகச் செய்யவேண்டும், அதற்கு 15,000. வளைவைச் சரிசெய்து குழாய் இறக்கும் வேலைக்கு 8 நாள் கூலி 18,400. கூரைக்கு மட்டும் தனியாக பெயின்ட் அடித்து நிறுத்த முடியாது, தூண்கள் வரை இறக்கவேண்டும் என்பதால் இன்னும் 20,000. ஆக மொத்தம் 98,400 ரூபாய்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் கொடுத்தால் தீரும் விஷயம். ஆவணங்களில் வரும் இழப்பு அப்படிப்பட்டதல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றியமைக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அபராதம் சிறிய தொகைதான். ஆனால் இன்னும் இரண்டு ஆண்டில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் அல்லவா? மூடிய கார் என்று பதிவான வண்டி அங்கே டாப் இல்லாமல் வந்து நின்றால் ஆய்வாளர் கையெழுத்துப் போட மறுப்பதற்கு முழு உரிமை உண்டு. இடையில் விபத்து நேர்ந்தால், தெரிவிக்காமல் பாடியை மாற்றியதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கலாம். பட்டறைக்காரர் 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான், அவரல்ல.

உங்கள் காரின் வயதை வைத்துப் பார்க்கும்போது இன்னொரு விதி முக்கியமாகிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலாகி, அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, அடிச்சட்டத்திலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அதற்குத் தகுதி பெறுகின்றன. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். 1973இல் பதிவான உங்கள் கார் வயதுத் தகுதியைத் தாண்டிவிட்டது. கூரையை வெட்டினால், முழு டாப்பாக இருந்தாலும் சன்ரூஃப் அளவு ஓட்டையாக இருந்தாலும், பாடியில் மாற்றம் செய்யப்பட்ட வண்டியாகிவிடும். அந்தப் பதிவு இப்போது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்டேஜ் பதிவில் உள்ள காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். ஆனால் அந்தத் தகுதி கையில் இருக்கிறது என்பதற்கே வாங்குபவரிடம் ஒரு விலை உண்டு. அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. மார்க் 2 நின்றோ ஐம்பது ஆண்டாகிறது. ஒரே குடும்பத்தின் கையில், மாற்றம் செய்யப்படாமல் இருக்கும் மார்க் 2 ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டு வருகிறது. டாப் வெட்டிய அம்பாசிடரைத் தேடி வாங்கும் சேகரிப்பாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மாப்பிள்ளை அழைப்பு வருமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வெள்ளை எண் பலகை காரை வாடகைக்கு விடுவது விதிமீறல். விண்டேஜ் பதிவிலும் வணிகப் பயன்பாடு வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வாடகை வண்டியாக மாற்றவேண்டும் என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, பெர்மிட் என்று போகவேண்டும். டாப் வெட்டிய வண்டிக்கு எஃப்.சி. எப்படிக் கிடைக்கும்? ஆகவே 3,30,500 ரூபாயை இத்தனை முகூர்த்தத்தில் எடுத்துவிடலாம் என்ற கணக்கு தொடக்கத்திலேயே உடைந்துவிடுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அன்போடு ஓட்டிக்கொண்டு போவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அதற்கு மூடிய கருப்பு அம்பாசிடரே பூமாலை போட்டால் கம்பீரமாக இருக்கும்.

திறந்த கார் ஆசை விடவில்லை என்றால், அதற்குப் பொருத்தமான உடம்பு கொண்ட வண்டியைத் தேடுங்கள். சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படிப்பட்டது. 1961இலிருந்து இங்கே கட்டப்பட்ட அந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. பாடி பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது, கூரை உட்பட. இங்கிலாந்தில் அதன் மூலமான டிரயம்ப் ஹெரால்டைத் தொழிற்சாலையிலேயே திறந்த காராகவும் விற்றார்கள். இரண்டு கதவு ஹெரால்டில் கூரையைக் கழற்ற வெட்டும் கருவி தேவையில்லை, ஸ்பேனர் போதும். திரும்ப மாட்டவும் முடியும். ஆர்.சி. விஷயத்தில் அதற்கும் இதே சட்டம்தான் என்பதை மறக்கவேண்டாம். பதிவிலேயே திறந்த கார் என்று இருக்கும் வண்டி கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். திறந்த கார்களின் டாப் எப்படி மடிகிறது, கதவின் கீழே எவ்வளவு கனமான கட்டு இருக்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசையிருந்தால், உங்கள் ஊர் அவிநாசி சாலையிலேயே ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது.

உங்கள் கூரைக்கு உண்மையில் தேவைப்படும் வேலை வேறு. கிழிந்த லைனிங்கை முழுவதும் இறக்கி, கம்பிகளைத் துரு நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூரைத்தகட்டின் உள்பக்கத்தைச் சுரண்டித் துருத் தடுப்பு பூசி, வெப்பத்தைத் தடுக்கும் ஷீட் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். பழைய அம்பாசிடரில் பங்குனி வெயில் தலையில் இறங்குவதாகக் குறை சொல்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள். மழைநீர் வழியும் ஓரத்தில் துரு பிடித்த இடத்தைப் பட்டி பூசி மூடாமல், வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யவேண்டும். பழைய லைனிங்கின் தையல் அளவை எடுத்து, அதே கம்பிகளில் புதுத் துணி போடச் சொல்லுங்கள். சன்ரூஃபுக்கு என்று நீங்கள் ஒதுக்கிய 45,000 ரூபாயில் இதில் பெரும்பகுதி முடிந்துவிடும். பெயின்டிங்கை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். வேலையை ஒப்படைக்கும்போது, எந்த இடத்துத் தகட்டை மாற்றப்போகிறார்கள், பட்டி பூசுவதற்கு முன்பு உங்களை அழைத்துக் காட்டுவார்களா என்ற இரண்டையும் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெட்டிய டாப்பைத் திரும்ப ஒட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெல்டு செய்து வைக்க முடியும். ஆனால் வெட்டும் கருவி தூண்களில் தின்றுவிட்ட தகட்டை ஈடுகட்டவேண்டும்; அதற்குள் பாடி சற்றே வளைந்திருந்தால் பழைய டாப்பும் பழைய கண்ணாடியும் அந்த வாயில் உட்காராது. எல்லாத் தூண்களிலும் ஒட்டுப்போட்ட அடையாளம் பெயின்டுக்குக் கீழே நிற்கும், ஆய்வாளருக்கோ வாங்க வருபவருக்கோ சிறு காந்தம் ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.